கன்னி மூலையில நின்ன தண்ணி

எங்கூருக்கு அடியில பாறைதான், மேல ரெண்டு அடி செம்மண்ணு, அதுக்குக் கீழ பாறை, அதுக்குக் கீழயும் பாறை. நாடு பூரா போயி ஆயிரம் அடி போர் போட்டுட்டு வர்ற ரிக் வண்டிக வரிசையா நிக்கற ஊரு திருச்செங்கோடு, ஆனா பூங்கோதை அக்கா நீச்சல் சொல்லித்தர ஒரு குளம் வெட்டணும்னு கேட்டப்ப நாலு அடி தோண்ட ஆளில்ல, ஏன்னா தோண்டத் தெரிஞ்சவங்க எல்லாரும் ராஜஸ்தான்லயும் சத்தீஸ்கர்லயும் அடுத்தவங்க ஊரைத் தோண்டிக்கிட்டு இருந்தாங்க.

அதனால அக்கா தோண்டற யோசனையை விட்டுட்டு லாரி பாடி கட்டற பட்டறைக்குப் போனாங்க. பட்டறைக்காரங்க தரைக்கு மேலயே வட்டமா, இருபத்துநாலு அடி அகலத்துல, நாலரை அடி ஒசரத்துல தகட்டை வளைச்சு வெல்டு வெச்சு, உள்ள நீலத் தார்ப்பாய் விரிச்சு, ஏறி எறங்க லாரி ஏணி ஒண்ணையும் மாட்டிக் குடுத்தாங்க. அவங்க கை அதோட சும்மா இருக்குமா, வெளிப்பக்கம் ரெண்டு தாமரை, நடுவுல ஒரு கழுகு, பின்னாடி 'ஒலி எழுப்பவும்'னு எழுதி, மஞ்சள் பார்டர் அடிச்சு விட்டுட்டுப் போனாங்க. இன்னைக்கும் பழக்கமில்லாத ஆளுக குளத்தைப் பாத்து வண்டி எங்க போகுதுன்னு கேக்கறாங்க.

பம்பு என் பொறுப்பு, நான் டிப்ளமோ மெக்கானிக்கல். இதைச் சொல்லாம மேல போக முடியாது, சித்தெ பொறுத்துக் கேளுங்க: குளத்துத் தண்ணி கெட்டுப்போறது அழுக்கால இல்லீங்க, நிக்கறதால! ஒரு வாய் வழியா பம்பு தண்ணியை உறிஞ்சும், மணல் டிரம்முக்குள்ள விட்டு வடிகட்டும், இன்னொரு வாய் வழியா திருப்பிக் குளத்துக்கே தள்ளும். தள்ளற வாயில உருண்டையா ஒரு மூக்கு இருக்கும், கையில புடிச்சு எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். அந்த மூக்கைச் சுவத்தை ஒட்டினாப்பல சாய்ச்சு, லேசாக் கீழ பாக்க வெச்சா மொத்தக் குளமும் கிரைண்டர்ல மாவு சுத்தற மாதிரி மெதுவாச் சுத்த ஆரம்பிக்கும், அழுக்கு நடுவுல வந்து குமிஞ்சுக்கும், குளோரின் எல்லாப் பக்கமும் போகும், நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்கலாம், அவ்ளோ அழகு!

எங்க குளத்துல அப்படி வெக்கலை. அதுக்குக் காரணம் வாஸ்து பாக்கற அங்கமுத்து அண்ணன். வட்டத்துக்கு மூலை ஏதுண்ணான்னு கேட்டதுக்கு, "மூலை தகட்டுல இல்ல அம்மிணி, திசையில இருக்குது"ன்னுட்டாரு. தண்ணி ஈசானி மூலையிலதான் வரணும், அதாவது வடகிழக்கு. வந்தது வேற திசைக்குப் போனா இருக்கற நல்லதும் அதோட கெளம்பிப் போயிரும், அதனால ஈசானியிலயே திரும்ப உள்ள போயிரணும்னு சொல்லி, தள்ளற வாயையும் உறிஞ்சற வாயையும் ஒரு முழம் இடைவெளியில பக்கத்துப் பக்கத்துல வெக்கச் சொல்லி, மூக்கையும் அவரே தன் கையால உறிஞ்சற வாய்ப்பக்கம் திருப்பி வெச்சு, சூடம் காட்டிட்டுப் போயிட்டாரு. வடிகட்டின தண்ணி வெளிய எட்டிப் பாத்துட்டு அப்படியே உள்ள போயிருச்சு. நேர் எதிர்ல, தென்மேற்குல, கன்னி மூலையில இருந்த தண்ணிக்குக் குளத்துல பம்பு ஓடறதே தெரியாது.

நான் மாசி மாசம் ஒரு சொம்புல மஞ்சத்தூள் கரைச்சு, தண்ணி எங்கெங்க போகுது, எங்க போகலைன்னு பாக்கறதுக்காகக் கன்னி மூலையில ஊத்தினேன். தட்டு அகலத்துக்கு மஞ்சளா நின்னுச்சு. சாயந்தரமும் நின்னுச்சு. பதினோரு நாள் கழிச்சும் அதே தட்டு, அதே மஞ்சள், ஓரம்கூடக் கலையலை. பன்னண்டாவது நாள் அக்கா குடிச்சுக்கிட்டு இருந்த டீ கிளாஸை ஒரு மெதவைப் பலகை மேல வெச்சாங்க, பலகை அங்க போயி ஒதுங்கிருச்சு, ஃபோன் வந்துச்சு, மறந்துட்டாங்க. அது திங்கக்கிழமை. வியாழக்கிழமை ஞாபகம் வந்து எடுத்தாங்க, ஆவி பறந்துச்சு, ஊதி ஊதிக் குடிச்சாங்க.

"எப்படிக்கா இருக்குது?"

"சூடு சரியாத்தான் இருக்குது. சக்கரை கம்மி, அன்னைக்கே சொன்னேனே."

அப்படித்தான் கன்னி மூலையில நாள் நகர்றதில்லைங்கற விசயம் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரு ஆளு உக்கார்ற அகலம்தான் அந்த எடம். தெருவுக்குத் தெரிய ரெண்டு நாளாச்சு, தெரிஞ்சப்பறம் அதை யாரும் பெருசா எடுத்துக்கலை, வேணுங்கறதுக்கு எடுத்துக்கிட்டாங்க. கரண்டு போற அன்னைக்கெல்லாம் பொம்பளைக இட்லி மாவைத் தூக்குச்சட்டியில போட்டு அங்க மெதக்க விட்டாங்க, மாவு புளிக்கலை. பூக்கட்டற துளசிமணி அக்கா முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடியே மல்லிகை வாங்கி அங்க வெச்சாங்க, மொட்டு மொட்டாவே இருந்துச்சு. பல்லுவலியோட ஒரு அண்ணன் வந்து கழுத்தளவு தண்ணியில ஒரு பகல் பூரா உக்காந்தாரு; வலி கூடலை, கொறையவும் இல்லை, காலையில என்ன வலியோ அதே வலியோட எந்திரிச்சு, ஒண்ணுக்கும் ஆகாத குளம்னு திட்டிட்டு டாக்டர்கிட்டப் போனாரு. வார்டு மெம்பர் வந்து ஏணியில நின்னு எட்டிப் பாத்தாரு.

"ஏம்மா பூங்கோதை, இதுக்கெல்லாம் யாரு அனுமதி குடுத்தா?"

"எதுக்குங்க?"

"நேரத்தை நிறுத்தறதுக்கு."

"நாங்க நிறுத்தலீங்க. அதுவா நிக்குது."

"அப்பச் சரி"ன்னுட்டு எறங்கிப் போயி, மறுநாள் அவங்க வீட்டு மாவுச்சட்டியையும் குடுத்து விட்டாரு.

பங்குனியில கோகிலவாணி வந்தா. குளத்துக்குப் பின்னாடி வீடு, ரிக் ஓட்டுற சென்னியப்பன் அண்ணனோட சம்சாரம், நெறமாசம். மூத்தவ மகிழினிக்கு ஆறு வயசு. மகிழினி பொறந்தப்ப அண்ணன் ஒடிசாவுல இருந்தாரு, எட்டாம் மாசம்தான் வந்து பாத்தாரு, பாத்ததும் அவ அழுத அழுகை ரெண்டு வருசத்துக்கு ஓயலை. அம்மா அவரை மாமான்னு கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு இன்னைக்கு வரைக்கும் அவ அப்பாவை 'ரிக்கு மாமா'ன்னுதான் கூப்பிடறா, அவரும் என்னங்கறாரு. ரெண்டாவதாவது கண்ணு முழிக்கறப்பவே அப்பன் மொகத்தைப் பாக்கணும்னு கோகிலவாணி மனசுல போட்டு வெச்சிருந்தா. ஆனா சத்தீஸ்கர்ல அண்ணன் போர் போடற ராடு மாட்டிக்கிச்சு. ஐநூத்தி எம்பது அடியில இருபத்தொம்போது ராடும் சுத்தியலும் பாறைக்குள்ள சிக்கி மேலயும் வரலை, கீழயும் போகலை. எங்கூரு ரிக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: மாட்டினப்ப லீவர்ல யாரு கை இருந்துச்சோ, அவங்க அதை எடுக்காம ஊருக்கு வரமாட்டாங்க.

"அக்கா, அந்த மூலையில நான் உக்காந்துக்கட்டுமா?"ன்னா கோகிலவாணி.

"எத்தனை நேரம்?"

"அவரு வர்ற வரைக்கும்."

அக்கா அந்த எடத்துல கையை விட்டு ஆழம் பாத்தாங்க. அப்பறம் கேட்டாங்க, "நாற்காலி வேணுமா, ஸ்டூலு போதுமா?"

"முதுகு சாயற மாதிரி குடுங்க."

வயித்துப் புள்ளைக்காரி வர்றான்னதும் துளசிமணி அக்கா பூவை எடுத்துக்கிட்டாங்க, பொம்பளைக தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டாங்க, யாரும் யாரையும் சொல்லலை. பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில கல்லைக் கட்டி எறக்கினோம், ஏணியைப் பக்கத்துல மாத்தி மாட்டினோம், சுவத்துல ஒரு கொடையைக் கட்டினோம். அங்க உக்காந்தவளுக்குப் பசிக்கலை, தூக்கம் வரலை, வெரல் நுனி ஊறிச் சுருங்கலை. பேச்சு மட்டும் எப்பவும் போல வந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வெளிய வருவா, மகிழினிக்குச் சடை பின்னி சோறு ஊட்டிட்டுத் திரும்ப எறங்கிருவா. நர்சு எஸ்தர் அக்கா செவ்வாக்கிழமை தோறும் வந்து வயித்துல கை வெச்சுப் பாத்து, நோட்டுல 'முப்பத்தொம்போது வாரம்'னு எழுதுவாங்க. அடுத்த செவ்வாயும் முப்பத்தொம்போது. அஞ்சாவது செவ்வாய்ல இருந்து எழுதிச் சலிச்சுப் போயி 'மேலே கண்டபடி'ன்னு போட ஆரம்பிச்சாங்க.

"மேல ஆபீசுல கேக்க மாட்டாங்களாக்கா?"

"கூட்டல் தப்புன்னா கேப்பாங்க அம்மிணி. வாரமே கூடலைன்னா என்ன கேப்பாங்க?"

தெனமும் அந்திக்கு அண்ணன் ஃபோன் பண்ணுவாரு, கோகிலவாணி ஸ்பீக்கர்ல போட்டுச் சுவத்து மேல வெப்பா, பின்னாடி கம்ப்ரசர் உறுமும். "இன்னும் நாலு நாள்தான் வாணி, புடிச்சு வெய்யி"ம்பாரு. சித்திரையிலயும் நாலு நாள், வைகாசியிலயும் நாலு நாள்.

(டேங்கர் வந்துருச்சு, ஓஸ் போட்டுட்டு வந்துடறேன்.)

சரி, தண்ணிக்கு வர்றேன்! கன்னி மூலை வட்டம் மட்டும் முத நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே கண்ணாடியா இருந்துச்சு, அங்கதான் நாளே இல்லையே, பாசி எப்படிப் புடிக்கும்? ஆனா அந்த வட்டத்தைச் சுத்தி நாள் போயிக்கிட்டுதான் இருந்துச்சு, தண்ணிதான் போகலை. முதல்ல நாற்காலியைச் சுத்தி ஒரு பச்சை வளையம், அப்பறம் பாதிக் குளம், அப்பறம் தார்ப்பாயைத் தொட்டா வழுக்கற அளவுக்குப் பாசி. நான் குளோரினைக் கூட்டிப் போட்டேன், பிரஷ் போட்டுத் தேய்ச்சேன், மணலை மாத்தினேன், பம்பை நாள் பூரா ஓட விட்டேன், ஒண்ணும் நடக்கலை, நடக்காது! மூக்கை ஒரு திருகு திருகினா ரெண்டு நிமிசத்துல குளம் சுத்திரும்னு எனக்குத் தெரியும், தெனமும் அதுகிட்டப் போயி நிப்பேன், கை அரிக்கும், எதுக்க அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, திரும்பி வந்துருவேன்.

முப்பத்தொரு புள்ளைக நீச்சல் கத்துக்கிட்டு இருந்தாங்க, கண்ணு செவந்துச்சு, காதுல சீழ் வச்சுது. அக்கா வகுப்பை நிறுத்தறதா, கோகிலவாணியை எந்திரிக்கச் சொல்றதான்னு தவிச்சுக்கிட்டு இருக்கறப்பவே, ஒவ்வொரு அம்மாவா வந்து பேச ஆரம்பிச்சாங்க. எங்க பையனுக்கு டியூசன் இருக்குதுங்க. எங்க பொண்ணு தண்ணின்னா இப்பல்லாம் பயப்படறா. நாங்க ஊருக்குப் போறமுங்க. ஒரு வாரத்துல ஒரு புள்ளை இல்லை. கோகிலவாணியை எந்திரிக்கச் சொல்லுங்கன்னு ஒரு அம்மாவும் கேக்கலை. யாரும் ஊருக்குப் போகலை, எல்லாப் புள்ளைகளும் சந்துல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்துச்சுக. அக்கா வெறுங்குளத்துக்கிட்ட விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னாங்க. பச்சைக் குளத்து ஓரத்துல கண்ணாடி வட்டம், வட்டத்துல நாற்காலி, நாற்காலியில கோகிலவாணி.

ஆனி பொறந்து ஒரு நாள், நான் கொடைக்கம்பைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். அவ குரலை எறக்கிக் கேட்டா.

"அம்மிணி, யாருகிட்டயும் சொல்லாத. தண்ணிக்குள்ள இருக்கறப்ப இது உதைக்கறதில்ல."

"ஒரு உதைகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. வெளிய வர்ற ஒரு மணி நேரம்தான். ஏணியில கால் வெச்சதும் ஆரம்பிச்சுரும், மாசக்கணக்கா அடைச்சு வெச்சவனாட்டம் உதைக்கும். நேத்து மகிழினி வயித்துல காது வெச்சா, காதுலயே ஒண்ணு வாங்கினா. திரும்பத் தண்ணிக்குள்ள எறங்கறேன், பட்டுன்னு நின்னுருது. முத நாள் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அப்பறம் பழகிருச்சு. பழகிருச்சேன்னுதான் இப்பப் பயமா இருக்குது."

அதுக்கப்பறம் நான் கவனிச்சேன், அவளோட ஒரு மணி நேரம் ஒண்ணரை ஆச்சு, ரெண்டு ஆச்சு. மகிழினி சடையை ஒருக்கா பின்னி, சரியில்லைன்னு அவுத்து, திரும்பப் பின்னுவா. செவ்வாய்க்கெழமை எஸ்தர் அக்கா வயித்துல கை வெச்சுப் பாத்துட்டு நோட்டைத் தொறந்தாங்க, "இந்த வாரம் எழுதறதுக்கு ஏதோ இருக்குது போல"ன்னு சொல்லிட்டு, 'முப்பத்தொம்போதரை வாரம்'னு புதுசா ஒரு வரி எழுதினாங்க.

அன்னைக்கு அந்திக்கு ஃபோன் வந்தப்ப நானும் அக்காவும் அங்கதான் இருந்தோம்.

"மாமா, மூக்கைத் திருப்பப் போறேன்."

"யாரு மூக்கை?"

"குளத்து மூக்கை. தண்ணியை ஓட விடப் போறேன்."

"ஏய் வாணி, என்ன பேசற நீ? இன்னும் நாலே நாளு. டீசல் ஊத்தி ஊற வெச்சிருக்கறோம், லேசா அசைஞ்சு குடுக்குது."

"தொண்ணூறு நாளா நாலு நாளுங்கறீங்க."

"நீயும்தான் தொண்ணூறு நாளா முப்பத்தொம்போது வாரங்கற."

அவ சிரிச்சுட்டா. அவரு சிரிக்கலை.

"மாட்டின ராடை விட்டுட்டு வந்தா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நம்மூர்ல எவனும் அப்படி வந்ததில்ல வாணி."

"வராட்டிப் போங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இது உதைச்சாத்தான் எனக்கு மூச்சு வருது. உங்க மொகத்தைப் பாக்கட்டும்னு இதைக் கல்லாட்டம் வெச்சுக்க முடியாது மாமா. பாத்து அழுதா அழுதுட்டுப் போகுது."

ஃபோன் கட்டாயிருச்சு. அவரு வெச்சாரா, சிக்னல் போச்சான்னு தெரியலை. கோகிலவாணி நாற்காலியில இருந்து எந்திரிச்சா. பச்சைக்குள்ள எறங்காதன்னு அக்கா சத்தம் போட்டாங்க, அவ கேக்கலை, நெஞ்சளவு பாசித்தண்ணியில கையால வழி விலக்கிக்கிட்டு, வழுக்காம காலை அழுத்தி அழுத்தி வெச்சு, கன்னி மூலையில இருந்து ஈசானி மூலைக்கு நடந்து போனா.

"எந்தப் பக்கம் அம்மிணி?"

"இடது பக்கம்! சுவத்தை ஒட்டி! கொஞ்சம் கீழ! இன்னும் கீழ! போதும் போதும் போதும்!"

மொதல்ல ஒண்ணும் தெரியலை. அப்பறம் சுவத்து ஓரமா ஒரு கோடு கெளம்புச்சு, பச்சை துணி கிழியற மாதிரி மெல்லப் பிரிஞ்சுது, அது வடமேற்கு வாயு மூலையைத் தாண்டுச்சு, கன்னி மூலைக்கு வந்துச்சு, கண்ணாடி வட்டத்துக்குள்ள பூந்துச்சு, பொறவு எங்க வட்டம், எங்க பச்சைன்னு சொல்ல முடியலை, காலி நாற்காலி கட்டின கல்லோட லேசாத் திரும்பி எங்களைப் பாத்துச்சு, மொத்தக் குளமும் நகர ஆரம்பிச்சுருச்சு. கோகிலவாணி மூக்குக்கிட்டயே நின்னுக்கிட்டு இருந்தா. திடீர்னு ரெண்டு கையாலயும் வயித்தைப் புடிச்சா.

"என்னாச்சு?"ன்னு அக்கா ஏணியில ஏறிட்டாங்க.

"உதைக்குதுக்கா. தண்ணிக்குள்ள நிக்கறேன், உதைக்குது."

அந்த உதை தண்ணியில அலையாத் தெரிஞ்சுதுன்னு அக்கா சொல்றாங்க. நான் பம்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன், பாக்கலை.

மூணாம் நாள் ஆஸ்பத்திரியில பையன் பொறந்தான், மூணே முக்கால் கிலோ. நான் அந்த மூணு நாளும் பம்பை நிறுத்தலை, நடுவுல சேர்ந்த அழுக்கை உறிஞ்சி எடுத்தேன், மணல் டிரம்மை ஏழு தடவை கழுவி விட்டேன், கடைசித் தடவை வந்த தண்ணி குடிக்கலாம் போல இருந்துச்சு! வாஸ்து அங்கமுத்து அண்ணன் வந்து மூக்கைப் பாத்தாரு, தண்ணியைப் பாத்தாரு, எல்லாத் திசைக்கும் போறதால இனி எல்லாத் திசையும் ஈசானிதான்னு சொல்லிட்டாரு. டியூசன்லயும் ஊர்லயும் இருந்த முப்பத்தொரு புள்ளைகளும் ஒரே நாள்ல திரும்பி வந்துச்சுக. துளசிமணி அக்கா பழக்கத்துல ஒரு தூக்குச்சட்டி மாவை மெதக்க விட்டாங்க, அது குளத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு, மத்தியானத்துக்குள்ள பொங்கி வழிஞ்சுருச்சு, அவங்க என்னைத் திட்டினாங்க, நான் வாங்கிக்கிட்டேன்.

மூக்கைத் திருப்பின ஏழாவது நாள் சென்னியப்பன் அண்ணன் வந்தாரு. புருவத்துல எல்லாம் கல்லுத்தூள், கையில ஒரு மஞ்சப்பை. கோகிலவாணி குளத்து நெழல்ல, அந்தப் பக்கமா உக்காந்திருந்தா. அக்காதான் மொதல்ல கேட்டாங்க.

"ராடு?"

"அங்கயே கெடக்குது."

அதுக்கு மேல யாரும் கேக்கலை. அவரு ஓஸ் தண்ணியில கையைக் கழுவி, மொகத்தைக் கழுவி, சட்டையில தொடைச்சுக்கிட்டு வந்து கையை நீட்டினாரு. கோகிலவாணி பையனைக் குடுத்தா. பையன் கண்ணைத் தொறந்து அவரு மொகத்தைப் பாத்தான், பாத்துட்டு, வாயைத் தொறந்து, தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினான்.

"கத்தறான் வாணி."

"ம்ம்."

"என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும், எனக்கும் நாலு நாள் பழக்கந்தான். புடிங்க, நான் தூங்கணும்"னுட்டு அவ வீட்டுக்குள்ள போயி, பங்குனிக்கப்பறம் மொத தடவையா நிம்மதியாக் காலை நீட்டிப் படுத்தா.

அண்ணன் கத்தற புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அங்கயே நின்னாரு. அப்பறம் நடக்க ஆரம்பிச்சாரு. தாமரையைத் தாண்டி, கழுகைத் தாண்டி, தண்ணி போற பக்கமே குளத்தைச் சுத்தி வந்தாரு. மகிழினி தண்ணிக்குள்ள தகட்டைப் புடிச்சுக்கிட்டே கூட நகர்ந்து, சத்தமா எண்ணினா. ஒண்ணு. ரெண்டு. மத்த புள்ளைகளும் நீச்சலை விட்டுட்டு எண்ண ஆரம்பிச்சுதுக, அக்கா விசில் ஊதினாங்க, யாரும் கேக்கலை. ஒம்போது. பத்து. பையன் கத்திக்கிட்டேதான் இருந்தான், அவரு நடந்துக்கிட்டேதான் இருந்தாரு.

பதினேழாவது சுத்துல பையன் அழுகையை நிறுத்திட்டான். அவரு நடையை நிறுத்தலை.